இயல்பு அளவு என்பது யாருடைய அளவு?

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரிந்திருக்கும். இடப்பக்கம் பொருளின் பெயர் இருக்கும். நடுவில் நம் இரத்தத்தில் கண்ட அளவு; வலப்பக்கம் 'இயல்பு அளவு' என்று அச்சிட்ட எண்கள். தாள் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே. நடு எண்ணை வலப்பக்க எண்ணோடு ஒப்பிடுகிறோம். குறைந்திருந்தால் 'சத்துக் குறைவு' என்று முடிவு கட்டுகிறோம். உடனே, 'இதை ஏற்றுவதற்கு என்ன மருந்து?' என்று கேட்கிறோம்.

வளர்ந்தவர்கள் விஷயத்தில் இப்பழக்கம் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. ஆனால் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் இரத்தத்தை, அதிலும் எட்டு வாரம், பத்து வாரம் முந்திப் பிறந்துவிட்ட குழந்தையின் இரத்தத்தை இப்படிப் படிக்கலாமா? படித்ததால் நேர்ந்த நன்மைகள் உண்டு. நேர்ந்த மரணங்களும் உண்டு. இரண்டையும் எடுத்துப் பார்த்து, இந்தச் சிந்தனை முறையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் குறை காண்பது மருத்துவரையோ ஆய்வுக்கூடத்தையோ அல்ல. 'எண் குறைந்தால் குறைபாடு. எண்ணை ஏற்றினால் நலம்' என்ற எளிய வாய்பாட்டையே ஆகும்.

(கட்டுரையில் வரும் இரத்த அளவுகள் எல்லாம் 100 மில்லிலிட்டருக்கு உரியவை.)

தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும்

இயல்பு அளவு எப்படிக் கிடைக்கிறது? நோயற்றவர்கள் எனக் கருதப்படும் பலரின் இரத்தத்தை அளப்பார்கள். அவர்களில் 100க்கு 95 பேர் எந்த இரு எல்லைகளுக்குள் அடங்குகிறார்களோ, அதை இயல்பு எனக் கொள்வார்கள். இம்முறையில் நோயற்ற மனிதர்களிலும் 100க்கு 5 பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். இது முதல் செய்தி.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. கருவில் இருக்கும் குழந்தையின் இரத்தம் தாயின் இரத்தத்தின் நகல் அன்று. நடுவே நச்சுக்கொடி என்னும் உறுப்பு காவல் நிற்கிறது. அது எல்லாப் பொருளையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. குளுக்கோஸ் தாயிடமிருந்து எளிதாக வழிந்து வருகிறது. ஆனாலும் கருவின் அளவு தாயின் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களையும், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தையும் நச்சுக்கொடி மேட்டுக்கு நீர் இறைப்பதுபோல் இறைத்துக் கொடுக்கிறது. ஆகவே இவை தாயைவிடச் சேயின் இரத்தத்தில் அதிகம். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ, வைட்டமின் கே இரண்டும் மிகச் சொற்பமாகவே கடந்து வருகின்றன. வைட்டமின் கே, சேயின் தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் அளவில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

நிறைமாதத்தில் நலமாகப் பிறந்து வீறிட்டழும் குழந்தைக்கும் இப்படித்தான். அதன் இரத்தத்தைத் தாயின் அளவுகோலால் அளந்தால் சில சத்துகள் 'அதிகம்', சில சத்துகள் 'குறைவு' என்று தாள் சொல்லும். அந்தக் குழந்தைக்கு ஒரு நோயும் இராது.

குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்கிறோம். கருவின் சேமிப்புக் காலம் கடைசி மூன்று மாதங்கள். நிறைமாதக் குழந்தையின் உடலில் உள்ள ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தில் ஐந்தில் நான்கு பங்கு அக்காலத்தில்தான் வந்து சேர்கிறது. இரும்பும், தோலடிக் கொழுப்பும், கல்லீரலில் வைக்கப்படும் வைட்டமின் ஏயும் பெரும்பாலும் அப்போதே நிரம்புகின்றன. 28 வாரத்தில் பிறந்த குழந்தை, அறுவடைக்கு முன்பே வீட்டைவிட்டு வெளியேறிய குடியானவனைப் போல வெறுங்கையோடு வருகிறது.

அதன் இரத்தத்தை யாரோடு ஒப்பிடுவது? நிறைமாதக் குழந்தையோடா? அதன் உறுப்புகள் முதிர்ந்தவை. அதே வயதில் இன்னும் கருப்பையில் இருக்கும் கருவோடா? அதற்கு நச்சுக்கொடி ஊட்டுகிறது. மற்றக் குறைமாதக் குழந்தைகளோடா? அவற்றில் 'நோயற்றவை' எவை என்று யார் வரையறுப்பது? மூன்று ஒப்பீடும் நொண்டுகின்றன. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, இனி ஒவ்வொரு சத்தாகப் பார்ப்போம்.

ஒரே எண், இரு பொருள்

முதலில் சர்க்கரை. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த குளுக்கோஸ் நின்றுபோகிறது. அடுத்த ஓரிரு மணி நேரத்தில் நிறைமாதக் குழந்தைக்கும் சர்க்கரை 30 மில்லிகிராம் அளவுக்கு இறங்குவதுண்டு. பிறகு கல்லீரல் தன் சேமிப்பை அவிழ்க்கிறது. அளவு மெல்ல ஏறுகிறது. வளர்ந்த ஒருவருக்கு 30 மில்லிகிராம் என்றால் அவர் மயங்கி விழக்கூடும். இக்குழந்தையோ தாயின் மார்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

எங்கே கோடு கிழிப்பது? பல ஆண்டுகளாக மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்ற எண் 47 மில்லிகிராம். 1988ல் இங்கிலாந்தில் 661 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்த ஆலன் லூகாஸ் குழுவினர், சர்க்கரை பல நாட்கள் 47க்குக் கீழே இருந்த குழந்தைகள் 18 மாத வயதில் வளர்ச்சியில் பின்தங்கியிருந்ததைக் கண்டனர். பயனுள்ள ஆய்வுதான். ஆனால் அது சொன்னது ஒரு தொடர்பை மட்டுமே. மிகவும் நோயுற்ற குழந்தைக்குச் சர்க்கரையும் குறைகிறது, வளர்ச்சியும் தடைப்படுகிறது என்றால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2012ல் வட இங்கிலாந்திலிருந்து வேறொரு முடிவு வெளிவந்தது. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில், சர்க்கரை குறைந்திருந்தவர்களையும் அவர்களுக்கு இணையான மற்றவர்களையும் 15 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தனர். இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதற்கிடையில் 47 என்ற எண், குறைமாதம் நிறைமாதம் என்ற பேதமின்றிப் பல மருத்துவமனைகளில் வேலிக்கல்லாக நடப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மூளைக்கு எரிபொருள் சர்க்கரை மட்டும் அன்று. கொழுப்பு சிதைந்து உண்டாகும் கீட்டோன் பொருள்களையும் அது எரிக்கும். 1992ல் ஹாடன், வார்டு பிளாட், ஐன்ஸ்லி-கிரீன் ஆகிய மூவரும் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், நிறைமாதக் குழந்தைகள் சர்க்கரை குறைந்த வேளையில் கீட்டோனைப் பெருக்கிக்கொள்வதையும், குறைமாதக் குழந்தைகளால் அவ்வாறு செய்ய முடியாததையும் காட்டினர். காரணம் தெளிவு. சேமித்த கொழுப்பு இருந்தால்தானே எரிக்க முடியும்? ஆகவே மூன்றாம் நாளில் தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தையின் 40 மில்லிகிராமும், குறைமாதக் குழந்தையின் 40 மில்லிகிராமும் தாளில் ஒன்று. உடலில் வேறு வேறு. முன்னதற்கு மாற்றுச் சமையல் நடக்கிறது. பின்னதற்கு அடுப்பே அணைகிறது. சர்க்கரையை மட்டும் அளக்கும் கருவி இதைச் சொல்லாது.

2020ல் நெதர்லாந்தில் ஒரு துணிவான சோதனையின் முடிவு வந்தது. 35 வாரத்துக்கு மேல் பிறந்து, மற்றபடி நலமாக இருந்த 689 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு 47க்குக் கீழே போனால் சிகிச்சை. மறு பிரிவுக்கு 36க்குக் கீழே போனால்தான் சிகிச்சை. 18 மாதத்தில் மூளை வளர்ச்சியைச் சோதித்தபோது இரண்டாம் பிரிவு பின்தங்கவில்லை. அப்பிரிவில் சர்க்கரை மிகவும் இறங்கிய குழந்தைகள் சற்று அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இச்சோதனை மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் எத்தனை நலமான குழந்தைகளின் குதிகாலில் ஊசி குத்தி, தாயிடமிருந்து பிரித்து, சர்க்கரைக் கரைசல் ஏற்றியிருப்போம் என்று சிந்திக்கத் தூண்டுகிறது.

முப்பத்தெட்டு குழந்தைகள்

அடுத்தது வைட்டமின் ஈ. இவ்விஷயத்தில்தான் நாம் குறைகாணும் வாய்பாடு மிகக் கொடிய விளைவைத் தந்தது.

வளர்ந்தவர்களுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது வழக்கம். தொப்புள்கொடி இரத்தத்தில் இது 0.2 முதல் 0.4 வரைதான் இருக்கும். அப்படியானால் உலகில் பிறக்கும் குழந்தைகள் எல்லாம் குறைபாட்டுடன் பிறக்கின்றனவா? இல்லை. வைட்டமின் ஈ இரத்தத்தில் தனியே மிதப்பதில்லை. கொழுப்பின் தோளில் ஏறிப் பயணம் செய்கிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கொழுப்பே குறைவு. வண்டிகள் குறைவாக ஓடும் ஊரில் பயணிகளும் குறைவாகத்தானே தென்படுவர்? ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு வைட்டமின் என்று கணக்கிட்டால், நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இயல்பு எல்லைக்குள் வந்துவிடுவர். மேலும் சீம்பாலில் வைட்டமின் ஈ மிகுதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில வாரங்களில் தானே வளர்ந்தவர் அளவை எட்டிவிடுகிறது.

குறைமாதக் குழந்தைக்கு உண்மையான குறைபாடு வந்ததுண்டு. 1967ல் அமெரிக்காவில் ஆஸ்கி, பார்னெஸ் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் அதை விவரித்தனர். ஆறு முதல் பத்து வாரக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை உண்டாயிற்று. உடலில் நீர் கோத்தது. அக்காலத்துப் புட்டிப்பால் மாவில் எளிதில் ஆக்சிகரணம் அடையும் தாவர எண்ணெய்க் கொழுப்பு அதிகம். இரும்பு சேர்த்தால் அது இன்னும் விரைவாகக் கெடும். அதைத் தடுக்கும் வைட்டமின் ஈ குறைவு. காரணம் புரிந்ததும் பால்மாவின் சேர்மானத்தைத் திருத்தினார்கள். நோய் ஏறக்குறைய மறைந்தது. நோயைக் கண்டு, காரணத்தைத் தேடி, வேரில் சரி செய்தது இங்கே நடந்தது. 1987ல் குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடுதலாக வைட்டமின் ஈ வாய்வழி கொடுத்துச் சோதித்தபோது சோகை மேலும் குறையவில்லை. தேவை தீர்ந்த பின் அதிகம் கொடுப்பதில் பயனில்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் எண்ணை ஏற்றும் ஆசை அதற்குள் வேறு திசையில் ஓடிவிட்டது. 1981ல் வந்த ஓர் ஆய்வு, வாய்வழி கொடுத்த வைட்டமின் ஈ குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயின் கடுமையைக் குறைத்ததாகக் கூறியது. குருட்டுத்தன்மையைத் தடுக்கலாம் என்றால் யார்தான் விரும்பமாட்டார்? குறைமாதக் குழந்தைக்கு வாய்வழி மருந்து சரியாகச் சேராது. நரம்பு வழியே ஏற்றினால் எண் விரைவாக உயரும் என்று கருதினர். 1983ன் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்கு 'ஈ-ஃபெரால்' என்ற நரம்புவழி மருந்து வந்தது. அதை மனிதரிடம் முறையாகச் சோதிக்கவில்லை. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் புதிய மருந்துக்கான அனுமதியும் பெறவில்லை. 'வைட்டமின்தானே!' என்ற எண்ணமே அதற்குப் போதிய அனுமதிச்சீட்டாக இருந்தது.

எண்ணெயில் கரையும் வைட்டமினை நீரில் கலக்கப் பாலிசார்பேட் என்ற பொருளை அதில் பெருமளவு சேர்த்திருந்தனர். சில வாரங்களில் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு விசித்திரமான நோய் கண்டது. வயிற்றில் நீர் சேர்ந்தது, கல்லீரல் வீங்கியது, சிறுநீரகம் செயலிழந்தது, இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. 1984 ஏப்ரலில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதனோடு தொடர்புடையவை எனக் கணக்கிடப்பட்ட மரணங்கள் 38. எண்ணை உயர்த்தும் வேலையில் அம்மருந்து தோற்கவில்லை என்பதுதான் இதில் கசப்பான செய்தி. பாலிசார்பேட்டே முதன்மைக் குற்றவாளி என்பது பெரும்பாலோர் கருத்து.

அப்படியானால் தூய வைட்டமினைத் தந்திருந்தால் சரியாகியிருக்குமா? 1985ல் வேறொரு தயாரிப்பைக் கொண்டு செய்த ஆய்வு அதற்கும் விடை சொல்லிற்று. 1,500 கிராமுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இரத்த அளவை 5 மில்லிகிராம் வரை உயர்த்தி நீண்ட நாள் வைத்திருந்தபோது, கிருமித் தொற்றும் குடல் அழுகல் நோயும் அதிகரித்தன. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் ஆக்சிகரணத்தைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. அதை அடக்கும் பொருளை அளவுக்கு மீறி ஊற்றினால் ஆயுதமும் மழுங்கும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

வாய்பாடு வெற்றி பெற்ற இடம்

நாம் ஒரு பக்கமே பேசுவதாக வாசகர் நினைக்கக் கூடாது. வைட்டமின் கே விஷயத்தில் 'குறைவு, ஆகவே கொடு' என்ற முடிவு மாபெரும் நன்மை செய்தது. ஏன் அங்கு வென்றது என்பதுதான் கேள்வி.

1894ல் பாஸ்டன் நகர மருத்துவர் டவுன்சென்ட், பிறந்த சில நாட்களில் குழந்தைகளுக்குக் காரணமின்றி இரத்தம் கசியும் நோயை விவரித்தார். அப்போது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது. கோழிக்குஞ்சுகளில் இரத்தக்கசிவை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு ஹென்ரிக் டாம், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கேயைக் கண்டறிந்தார். இதற்காக 1943ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும், அதன் வேதியமைப்பைக் கண்ட அமெரிக்கர் டாய்சிக்கும் வழங்கப்பட்டது. பிறந்ததும் இவ்வைட்டமினைத் தந்தால் இரத்தக்கசிவு நிற்கிறது என்பது கண்கூடாயிற்று. 1961ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் இன்று ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராமும், அதற்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராமும் ஊசியாகப் போடுகிறார்கள்.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் நோய் தெரிந்தது. பிறகு காரணம். பிறகு, கொடுத்தால் நோய் நிற்கிறது என்ற சான்று. எண் கடைசியில்தான் வந்தது. இன்றும் வைட்டமின் கே குறைவை அறிய அந்த வைட்டமினையே அளப்பதைவிட, அது இல்லாததால் அரைகுறையாக உருவான உறைபுரதங்களை அளப்பது பயனுள்ளதாகிறது. 'எவ்வளவு இருக்கிறது?' என்பதைவிட 'வேலை நடக்கிறதா?' என்பது நல்ல கேள்வி அல்லவா?

இந்த வெற்றியிலும் ஒரு வடு உண்டு. 1950களில் வைட்டமின் கேயின் நீரில் கரையும் செயற்கை வடிவத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். சிறிதளவு நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது என்று எண்ணிவிட்டனர். குறைமாதக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் காமாலை மூளையைத் தாக்கியது. பிறகே அளவைக் குறைத்து, இயற்கை வடிவமான கே-1க்கு மாறினர். இன்று போடும் ஊசி அந்த வடிவம்தான், அஞ்சவேண்டியதில்லை. பெற்றோர் இதை மறுப்பதே ஆபத்து.

எண் நலம், எலும்பு நலமில்லை

இதுவரை எண் குறைந்து, குழந்தை நலமாக இருந்ததைப் பார்த்தோம். நேர் மாறாகவும் நடக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு முதல் இரண்டு நாட்களில் கால்சியம் சற்று இறங்கும். பிறகு இயல்பு அளவுக்கு வந்துவிடும். தாளைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைவர். உள்ளே என்ன நடக்கிறது? கடைசி மூன்று மாதங்களில் கரு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 100 முதல் 130 மில்லிகிராம் கால்சியத்தை எலும்பில் படிய வைக்கிறது. வெளியே வந்துவிட்ட குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 180 மில்லிலிட்டர் தாய்ப்பால் கொடுத்தாலும், 100 மில்லிலிட்டர் பாலில் 25 முதல் 30 மில்லிகிராம் கால்சியமே இருப்பதால், உள்ளே செல்வது சுமார் 50 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி மலத்தோடு போய்விடும். இரத்தத்தின் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். எனவே உடல் எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தின் எண்ணைக் காப்பாற்றுகிறது. வீட்டுச் சுவரை இடித்துச் செங்கல் விற்றுக் கைச்செலவுக்குப் பணம் வைத்திருப்பவனைப் போன்றது இது. பையில் பணம் குறையாது, வீடுதான் குறையும்.

ஆகவே எலும்பின் நிலையை அறிய கால்சியத்தை மட்டும் பார்ப்பது வீண். பாஸ்பேட் குறைந்திருக்கிறதா, எலும்பு சார்ந்த ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி மிக உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்துவது இதற்குத் தீர்வு ஆகாது. மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பாலிலேயே கால்சியமும் பாஸ்பரஸும் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய முறை.

நத்தமும் ஹரியானாவும்

கடைசியாக வைட்டமின் ஏ. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

குறைமாதக் குழந்தைகளுக்கு இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவு. கல்லீரல் சேமிப்புக் குறைவு என்பது ஒரு காரணம். அதைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் போதிய அளவு செய்வதில்லை என்பது இன்னொரு காரணம். தொற்று வந்தாலும் அளவு இறங்கும். எண் ஒன்றுதான்; காரணங்கள் மூன்று.

எனவே சோதித்தே பார்த்துவிட்டனர். 1999ல் அமெரிக்காவில் ஜான் டைசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 401 முதல் 1,000 கிராம் வரை எடையுள்ள 807 குழந்தைகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை, நான்கு வாரம் வைட்டமின் ஏ ஊசி. மரணம் அல்லது நாட்பட்ட நுரையீரல் நோய் என்ற தீய முடிவு ஊசி பெறாதவரில் 100க்கு 62 பேருக்கும், பெற்றவரில் 55 பேருக்கும் நேர்ந்தது. சிறிய பயன், ஆனால் உண்மையான பயன். இங்கு அளந்தது எண்ணை மட்டும் அன்று. குழந்தையின் மூச்சையும் உயிரையும்.

நிறைமாதக் குழந்தைகளின் கதை இன்னும் படிப்பினை உள்ளது. தமிழ்நாட்டில் நத்தம் வட்டாரக் கிராமங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த குழுவினர் 11,619 குழந்தைகளிடம் செய்த சோதனை 2003ல் வெளிவந்தது. பிறந்ததும் இரண்டு முறை 24,000 அனைத்துலக அலகு வைட்டமின் ஏ சொட்டு பெற்றவர்களில், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் மருந்து கலவாத சொட்டுப் பெற்றவர்களைவிட 100க்கு 22 பங்கு குறைவு. இரண்டு சொட்டில் இத்தனை உயிர்! உலகெங்கும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும்.

அவசரப்படாதது நல்லதாயிற்று. ஜிம்பாப்வே, கினி-பிசாவ் நாடுகளில் நடந்த சோதனைகளில் பயன் தெரியவில்லை. 2011ல் உலகச் சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. ஐயம் தீர, மூன்று நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளிடம் சோதனை நடந்து 2015ல் முடிவுகள் வந்தன. ஹரியானாவில் சிறிது பயன் போலத் தெரிந்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கானாவிலும் தான்சானியாவிலும் பயன் இல்லை. மரணம் சற்றுக் கூடியதுபோலவே எண்கள் சாய்ந்தன. தாய்மாருக்கே வைட்டமின் ஏ பற்றாக்குறை மிகுந்த பகுதிகளில் குழந்தைக்குப் பயன். இல்லாத பகுதிகளில் பயனில்லை என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆகவே நத்தத்தில் கிடைத்த முடிவு பொய்யன்று. அதை உலகம் முழுவதற்கும் பொதுவாக்குவதுதான் பிழையாகியிருக்கும்.

அளப்பதற்கும் விலை உண்டு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த இரத்தம் 80 முதல் 90 மில்லிலிட்டர். ஒரு காப்பி டம்ளர் கூட நிறையாது. அதில் ஒரு மில்லிலிட்டர் எடுப்பது, வளர்ந்தவரிடம் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் எடுப்பதற்குச் சமம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் பலமுறை எடுக்கிறார்கள். முதல் வாரங்களில் இக்குழந்தைகளுக்கு வரும் சோகைக்கு, அடிக்கடி இரத்தம் எடுப்பதே ஒரு முக்கியக் காரணம். அதாவது 'ஹீமோகுளோபின் ஏன் குறைகிறது?' என்று பார்க்க எடுக்கும் இரத்தமே அதைக் குறைக்கிறது. மாறாக, பிறக்கும்போது தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்திருந்தால், நச்சுக்கொடியில் தங்கிய இரத்தமும் இரும்பும் குழந்தைக்கே வந்து சேரும். இதற்கு மருந்தும் வேண்டாம், பரிசோதனைத் தாளும் வேண்டாம்.

'இப்படியெல்லாம் ஐயப்பட்டுக்கொண்டிருந்தால் அவசர நேரத்தில் மருத்துவர் என்ன செய்வார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வலிப்பு வந்த குழந்தைக்குச் சர்க்கரை 20 என்றால் யாரும் விவாதம் செய்யக் கூடாது. உடனே ஏற்ற வேண்டும். அங்கே எண்ணும் குழந்தையும் ஒன்றையே சொல்கின்றன. நாம் ஐயப்படுவது, குழந்தை ஒன்று சொல்ல, எண் வேறொன்று சொல்லும் இடத்தில். அங்கே மூன்று கேள்விகள் போதும். இந்த இயல்பு அளவு எந்தக் குழந்தைகளிடம் எடுத்தது? இந்த எண் குறைந்ததால் இக்குழந்தைக்கு நேரும் தீங்கு என்ன? எண்ணை ஏற்றினால் அத்தீங்கு குறைந்ததாக யாரேனும் சோதித்துக் கண்டார்களா?

1983ல் மூன்றாவது கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருந்தால், ஈ-ஃபெரால் சந்தைக்கு வந்திருக்காது. நம் வீட்டில் குழந்தை பிறந்து, பரிசோதனைத் தாள் கைக்கு வரும்போது, மருத்துவரிடம் மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். அவரும் பெரும்பாலும் இதையேதான் தமக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்.